வடசென்னைக்கு வரும் நிலக்கரியில் கனிமங்களையும் நுண்ணளவுத் தனிமங்களையும் ஆராய்வது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

எண்ணூர், அத்திப்பட்டு, வல்லூர் வட்டாரத்து அனல்மின் நிலையங்களுக்கு வரும் நிலக்கரியைப் பற்றி ஆய்வேடு எழுத விரும்பும் நிலவியல் மாணவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் தொடங்குகிறார்கள்: இந்தக் கரியில் ஆர்செனிக் எவ்வளவு, பாதரசம் எவ்வளவு, ஈயம் எவ்வளவு? கருவியில் போட்டு எண்ணை வாங்கி, உலகச் சராசரியோடு ஒப்பிட்டு, கூடுதல் அல்லது குறைவு என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். ஆனால் ஒரு தனிமம் எவ்வளவு இருக்கிறது என்பது பாதி விவரமே. அது எந்தக் கனிமத்துக்குள், எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதே அதன் போக்கைத் தீர்மானிக்கிறது. 4 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 4 பங்கு) ஆர்செனிக், பைரைட் என்ற மஞ்சளாக மினுங்கும் இரும்பு சல்பைடு கனிமத்துக்குள் இருந்தால் அதில் ஒரு பகுதியைக் கரியைக் கழுவும்போதே நீக்கலாம். கழுவாமல் திறந்தவெளியில் குவித்து வைத்தால் மழையில் பைரைட் சிதைந்து நீரோடு வெளியேறவும் கூடும். அதே 4 பி.பி.எம். கரிமப் பொருளோடு பிணைந்திருந்தால் எந்தக் கழுவலுக்கும் அசையாது, ஆனால் கொதிகலனில் எளிதில் ஆவியாகும். களிமண் கனிமத்துக்குள் இருந்தாலோ அதில் பெரும்பகுதி சாம்பலோடு தங்கிவிடும்.

இந்த வேறுபாடு மனித உயிரோடு எவ்வளவு நெருக்கமானது என்பதை சீனாவின் குய்சோ மாகாணத்து அனுபவம் காட்டுகிறது. அங்கே மழைக்கால ஈரத்தில் மிளகாயையும் சோளத்தையும் வீட்டுக்குள் கரி அடுப்பின்மேல் உலர்த்தும் பழக்கம் இருந்தது. அமெரிக்க நிலவியல் அளவைத் துறையின் ராபர்ட் ஃபிங்கல்மேனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1999-ல் வெளியிட்ட ஆய்வின்படி, புதிய மிளகாயில் 1 பி.பி.எம்.-க்கும் குறைவாக இருந்த ஆர்செனிக், அப்படி உலர்த்திய மிளகாயில் 500 பி.பி.எம். அளவுக்கு ஏறியிருந்தது. அங்குள்ள சில கரி மாதிரிகளில் ஆர்செனிக் 35,000 பி.பி.எம். வரை இருந்தது. ஆர்செனிக்கின் பெரும்பகுதி பைரைட்டில் இல்லாமல் கரிமப் பொருளோடு பிணைந்திருந்ததால், கண்ணுக்குத் தெரியும் மஞ்சள் மினுக்கத்தைப் பார்த்து 'இது கெட்ட கரி' என்று ஒதுக்க அந்த ஊர் மக்களுக்கு வழியே இருக்கவில்லை. நம் ஊருக்கு வரும் கரி அந்த வகையைச் சேர்ந்ததல்ல. ஆனாலும் 'எதில் இருக்கிறது' என்ற கேள்வியை ஆய்வின் நடுவில் வைக்க வேண்டிய காரணம் இதுதான்.

படி 1: கரி எங்கிருந்து வந்தது என்பதை முதலில் எழுதிவையுங்கள்

சென்னையைச் சுற்றி நிலக்கரி கிடையாது. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் மேல் கோண்ட்வானா எனப்படும் மிகப் பழைய படிவுகளும் அவற்றில் அழகான தாவரப் புதைபடிவங்களும் உண்டு. எரிக்கும் அளவுக்குக் கரி இல்லை. நெய்வேலியில் கிடைப்பது மிகப் பிற்காலத்துப் பழுப்பு நிலக்கரி. வடசென்னை, வல்லூர் அனல்மின் நிலையங்களின் கொதிகலன்களுக்குச் செல்லும் உள்நாட்டுக் கரி முக்கியமாக ஒடிசாவின் தால்சேர் பகுதியிலிருந்து ரயிலில் பாரதீப் துறைமுகத்துக்கும், அங்கிருந்து கப்பலில் எண்ணூரின் காமராஜர் துறைமுகத்துக்கும், பிறகு கன்வேயர் பெல்ட் வழியே நிலையங்களுக்கும் வருகிறது. அத்துறைமுகம் 2001-ல் செயல்படத் தொடங்கியதே முதன்மையாக இந்தக் கரிக்காகத்தான். சென்னைத் துறைமுகத்திலும் கரி இறங்கிக்கொண்டிருந்த காலத்தில் ராயபுரம், காசிமேட்டுப் பக்கத்து மொட்டை மாடிகளில் கரித்தூள் படிந்ததை அங்கே வளர்ந்தவர்கள் இன்றும் சொல்வார்கள். நீதிமன்ற ஆணையைத் தொடர்ந்து 2011-ல் அந்தக் கையாளுதல் எண்ணூருக்கு மாறியது.

உள்நாட்டுக் கரியோடு இந்தோனேசியாவிலிருந்து இறக்குமதியாகும் கரியும் கலக்கப்படுவதுண்டு என்பதால், 'வடசென்னைக் கரி' என்று ஒரே பொருள் இல்லை. தால்சேர் கரி பெர்மியன் காலத்தது, அதாவது ஏறத்தாழ 25 முதல் 30 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. ஆறுகள் சேறும் மணலும் கொண்டுவந்து கொட்டிய படுகைகளில் தாவரப் பொருள் படிந்ததால், கயோலினைட், இல்லைட் போன்ற களிமண் கனிமங்களும் குவார்ட்ஸும் கரியோடு மிக நுண்ணியதாகப் பின்னிக் கிடக்கின்றன. இந்திய அனல்மின் நிலையக் கரியில் 35 முதல் 45 சதவீதம் வரை சாம்பல் இருப்பதும், அதைக் கழுவிக் குறைப்பது கடினமாக இருப்பதும் இதனால்தான். கடல்நீர்ச் செல்வாக்கு குறைவாக இருந்த படுகைகள் என்பதால் கந்தகம் பொதுவாக 1 சதவீதத்துக்கும் கீழே நிற்கிறது. பைரைட்டும் அதனால் குறைவு. அசாமின் பிற்காலத்துக் கரியில் நிலைமை நேர்மாறு: சாம்பல் குறைவு, கந்தகம் மிகுதி. இந்தோனேசியக் கரியிலும் சாம்பல் மிகக் குறைவு. எனவே இரண்டும் கலந்த மாதிரியின் சராசரி எண், இரண்டில் எதையும் பற்றி உண்மை பேசாது. எந்தச் சுரங்கம், எந்தக் கப்பல், எந்தத் தேதி, கலப்பு விகிதம் என்ன என்ற நான்கையும் குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டும். கலப்பு விகிதம் கிடைக்கவில்லையென்றால் அந்த மாதிரியை ஒதுக்கி வைப்பதே என் பரிந்துரை.

படி 2: மாதிரி எடுத்தல்

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நிலக்கரிக்குப் பொருந்தவே பொருந்தாது. ஒரே வாகனில் இருக்கும் இரண்டு கட்டிகளில் ஒன்று பளபளக்கும் சுத்தமான கரியாகவும் மற்றொன்று பாதிக்குமேல் சேற்றுப்பாறையாகவும் இருக்கலாம். கரிக் குவியலின் சரிவில் பெரிய கட்டிகள் அடிவாரத்துக்கு உருண்டுவிடுகின்றன. தூள் மேலேயும் நடுவிலும் தங்குகிறது. பைரைட் உடையும் விதமும் களிமண் பொடியாகும் விதமும் வேறு வேறு என்பதால், குவியலின் ஓரத்தில் கைக்கு எட்டியதை அள்ளி எடுத்த மாதிரியில் கனிமங்களின் விகிதமே மாறிப்போயிருக்கும்.

சரியான இடம், ஓடும் கன்வேயரின் குறுக்குவெட்டு அல்லது பெல்ட்டிலிருந்து கரி விழும் இடம். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 436, கரிச் சரக்கை எத்தனை உட்பகுதிகளாகப் பிரிப்பது, ஒவ்வொன்றிலும் எத்தனை முறை எவ்வளவு எடை எடுப்பது என்பதைக் கட்டியின் அளவைப் பொறுத்து வரையறுக்கிறது. அதை அப்படியே பின்பற்றுங்கள். துறைமுகமும் மின்நிலையமும் பாதுகாப்புக்குட்பட்ட இடங்கள். கல்லூரித் துறைத் தலைவரின் கடிதத்தோடு முறையாக விண்ணப்பித்து, அவர்களுடைய ஆய்வகம் எடுக்கும் அன்றாட மாதிரியிலிருந்தே ஒரு பங்கைக் கேட்டு வாங்குவது நடைமுறையில் எளிது. அவர்கள் சாம்பலையும் வெப்ப மதிப்பையும் ஏற்கெனவே அளந்து வைத்திருப்பார்கள் என்பதால் உங்கள் அளவீட்டைச் சரிபார்க்க ஓர் எண்ணும் கைவசம் கிடைக்கிறது.

மாதிரியைத் தடித்த பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, வெளியே இன்னொரு பை போட்டு, விவரச்சீட்டை இரண்டு பைகளுக்கும் நடுவே வையுங்கள். சென்னையின் ஈரப்பதத்தில் பைரைட் சில வாரங்களிலேயே ஆக்சிஜனேற்றம் அடைந்து, மேற்பரப்பில் வெளுத்த சல்பேட் உப்பாகப் பூக்கத் தொடங்கும். அப்படிப் பூத்த மாதிரியில் ஆர்செனிக்கின் இருப்பிடத்தைத் தேடுவது வீண் வேலை. உடனே அரைக்க முடியாவிட்டால் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும்.

படி 3: அரைத்தலும் அடிப்படைப் பகுப்பாய்வும்

காற்றில் உலர்த்தும்போது 40 டிகிரி செல்சியஸைத் தாண்டாதீர்கள். பாதரசம் அளக்க வேண்டிய பங்கை 105 டிகிரி அடுப்பில் வைக்கவே கூடாது. 212 மைக்ரான் சல்லடையில் முழுவதும் இறங்கும்வரை அரைக்க வேண்டும். சல்லடையில் தங்கிய கடினத் துணுக்குகளைத் தூக்கி எறிந்துவிட்டால் குவார்ட்ஸையும் பைரைட்டையும் சேர்த்தே எறிந்துவிடுகிறீர்கள். அரைக்கும் ஆலை எஃகாலானது என்றால் அது குரோமியம், நிக்கல், மாங்கனீசு ஆகியவற்றைக் கலக்கும். டங்ஸ்டன் கார்பைடு ஆலை டங்ஸ்டனையும் கோபால்ட்டையும் கலக்கும். அகேட் கல் ஆலை மெதுவானது, ஆனால் நுண்ணளவு வேலைக்கு அதுவே ஏற்றது. தூய குவார்ட்ஸ் மணலை அதே ஆலையில் அரைத்து, அந்தத் தூளையும் ஒரு மாதிரியாகவே பகுப்பாய்வுக்கு அனுப்பினால் ஆலையின் அழுக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

ஈரப்பதம், சாம்பல், ஆவியாகும் பொருள், நிலைக்கரி (ஆவியாகாமல் மிஞ்சி எரியும் கரி) ஆகிய நான்கையும் ஐ.எஸ். 1350 முறைப்படி அளக்க வேண்டும். கந்தகத்தைச் சல்பேட், பைரைட், கரிமம் என்று மூன்றாகப் பிரித்து அளப்பது நல்லது. இங்கே ஒரு குழப்பம் எழும். 815 டிகிரியில் எரித்தபின் மிஞ்சும் சாம்பலும் கரிக்குள் இருந்த கனிமமும் ஒன்றல்ல. அந்த வெப்பத்தில் களிமண் தன் நீரை இழக்கிறது, கால்சைட் கரியமில வாயுவை இழக்கிறது, பைரைட் கந்தகத்தை இழந்து இரும்பு ஆக்சைடாகிறது. ஆகவே கனிமத்தின் எடை சாம்பலைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். பார் சூத்திரப்படி சாம்பலை 1.08-ஆலும் கந்தகத்தை 0.55-ஆலும் பெருக்கிக் கூட்டினால் தோராயமான கனிம அளவு கிடைக்கும்: 40 சதவீதச் சாம்பலும் 0.5 சதவீதக் கந்தகமும் உள்ள கரியில் அது ஏறத்தாழ 43.5 சதவீதம்.

படி 4: கனிமங்களை அடையாளம் காணுதல்

இதற்கு மூன்று வழிகளையும் சேர்த்தே பயன்படுத்த வேண்டும். முதலாவது நுண்ணோக்கி. கரித்தூளைப் பிசினில் உறைய வைத்து, மெருகேற்றி, பிரதிபலிப்பு ஒளியில் எண்ணெய் லென்சின் அடியில் பார்த்தால் பைரைட் பளிச்சென்ற வெளிர்மஞ்சளாகத் தனித்துத் தெரியும். அது எந்த வடிவில் இருக்கிறது என்பதைக் கவனமாக எழுதுங்கள். நுண்மணிகள் உருண்டையாகத் திரண்ட கொத்துகள், சதுப்பு நிலம் உயிரோடு இருந்தபோதே உருவானவை; கரியின் விரிசல்களில் தகடாக நிரம்பியவை, பிற்காலத்தில் பாறையினூடே ஓடிய நீர் விட்டுச் சென்றவை. இந்த இரண்டாவது வகையில் ஆர்செனிக்கும் பாதரசமும் மிகுந்திருப்பதைப் பல நாடுகளின் கரிகளில் கண்டிருக்கிறார்கள். மொத்தப் பைரைட் சதவீதத்தை மட்டும் எழுதினால் இந்த வேறுபாடு மறைந்துபோகும்.

இரண்டாவது எக்ஸ்-ஆர்.டி., அதாவது கனிமப் படிகங்கள் எக்ஸ்-கதிரை எந்தக் கோணங்களில் சிதறடிக்கின்றன என்று அளக்கும் முறை. கரியை நேரடியாகப் போட்டால் கரிமப் பொருள் பெரிய மேடாக எழும்பிக் கனிமங்களின் முகடுகளை மூடிவிடும். அதனால் ஆக்சிஜன் பிளாஸ்மாவில் 150 டிகிரிக்கும் குறைந்த வெப்பத்தில் கரிமப் பொருளை மட்டும் எரித்து நீக்கும் தாழ்வெப்பச் சாம்பலாக்கல் முறையைக் கையாள வேண்டும். ஒரு மாதிரிக்கே சில நாள்கள் பிடிக்கும் பொறுமையான வேலை இது. அந்தக் கருவி எட்டாதபோது சுமார் 370 டிகிரியில் மெதுவாக எரிப்பதுண்டு. ஆனால் அந்த வெப்பத்தில் பைரைட்டும், சிடரைட் என்ற இரும்புக் கார்பனேட்டும் மாற்றமடைவதால், அவற்றைப் பற்றி அந்தத் தரவை வைத்து எதுவும் எழுதக் கூடாது. தாமிர எக்ஸ்-கதிரில் கயோலினைட் 12.4 டிகிரிக் கோணத்திலும் குவார்ட்ஸ் 26.6 டிகிரியிலும் பைரைட் 33.1 டிகிரியிலும் முகடு காட்டும். அளவைக் கணக்கிட, முகடுகளின் முழுக் கோலத்தையும் கணினியில் பொருத்திப் பார்க்கும் ரீட்வெல்ட் முறையைப் பயன்படுத்துங்கள். முடிவைச் சாம்பலின் வேதிக் கலவையோடு ஒப்பிட்டு, கணக்கில் வரும் அலுமினாவும் அளந்த அலுமினாவும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் பெரும்பாலும் களிமண் கனிமங்களின் அளவுதான் தவறியிருக்கும்.

மூன்றாவது, எக்ஸ்-கதிர் நிறமாலை இணைந்த எஸ்.இ.எம். மின்னணு நுண்ணோக்கி. சிர்கான், மோனசைட், கலீனா என்ற ஈய சல்பைடு, ஈய செலீனைடு போன்ற ஓரிரு மைக்ரான் மணிகளை இதில்தான் காண முடியும். திரும்பிச் சிதறும் மின்னணுக்களால் எடுக்கும் பின்சிதறல் படத்தில் கன உலோகம் உள்ள மணி, இருண்ட கரியின் நடுவே வெள்ளைப் புள்ளியாக ஒளிரும். கரியின் யுரேனியமும் தோரியமும் பெரும்பாலும் எங்கே ஒளிந்திருக்கின்றன என்பதற்கு, அப்படிப்பட்ட சில புள்ளிகளைப் பொறுமையாகத் தேடிக் கண்டுபிடித்துப் படமெடுப்பதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

படி 5: நுண்ணளவுத் தனிமங்களை அளத்தல்

பெரும்பாலான தனிமங்களுக்கு, அணுக்களை அயனியாக்கி நிறைப்படி பிரித்து எண்ணும் ஐ.சி.பி.-எம்.எஸ். கருவியே போதும். மாதிரியை நைட்ரிக் அமிலத்தோடும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தோடும் மூடிய பாத்திரத்தில் மைக்ரோவேவ் அடுப்பில் கரைக்க வேண்டும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் தோலில் பட்டவுடன் பெரிதாக எரியாது. ஆனால் உள்ளே ஊடுருவி எலும்பின் சுண்ணாம்புச் சத்தையே தாக்கி உயிருக்கு ஆபத்தாகும். கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இல்லாத ஆய்வகத்தில் அதைத் திறக்கவே கூடாது. தனியாக வேலை செய்யவும் கூடாது. சிர்கான் இந்தக் கலவையிலும் முழுமையாகக் கரையாது என்பதால், சிர்கோனியம், லாந்தனம், சீரியம் போன்ற அருமண் தனிமங்கள் ஆகியவற்றுக்குச் சாம்பலை லித்தியம் மெட்டாபோரேட்டோடு உருக்கிக் கரைக்கும் முறை தேவை. பாதரசத்துக்குக் கரைசலே வேண்டாம். மாதிரியைச் சூடாக்கி, வெளிவரும் பாதரச ஆவியைத் தங்கத்தில் பிடித்து 253.7 நானோமீட்டர் ஒளியில் அளக்கும் தனிக் கருவி அதற்கு மிகவும் ஏற்றது.

கரைக்காமலே அளக்க நியூட்ரான் கதிரியக்கமூட்டல் முறையும் உண்டு. கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் காமினி என்ற சிறு ஆராய்ச்சி அணு உலை இப்படிப்பட்ட பகுப்பாய்வுக்குப் பயன்பட்டுவருவது சென்னை மாணவர்களுக்கு வாய்ப்பான செய்தி. ஆர்செனிக், அருமண் தனிமங்கள், தோரியம் ஆகியவற்றுக்கு அந்த எண்ணையும் ஐ.சி.பி.-எம்.எஸ். எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கரைத்தலில் ஏற்பட்ட இழப்பு வெளிப்பட்டுவிடும்.

ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி சேர்க்காத ஒரு வெற்றுக் கரைசல், ஓர் இரட்டை மாதிரி, சான்றளிக்கப்பட்ட ஒரு கரி மாதிரி ஆகியவை இருக்க வேண்டும், அமெரிக்காவின் என்.ஐ.எஸ்.டி. நிறுவனம் வழங்கும் 1632 வரிசைக் கரியும் 1633 வரிசைச் சாம்பலும் உலகெங்கும் பயன்படுகின்றன. இவற்றின் முடிவை இணைக்காத ஆய்வேட்டின் எண்களை நான் நம்புவதில்லை. நீங்களும் நம்ப வேண்டாம்.

படி 6: எந்தத் தனிமம் எந்தக் கனிமத்தில்

ஆய்வின் மையம் இதுவே. ஆர்செனிக்கும் பாதரசமும் பைரைட்டையும், காட்மியம் ஸ்பேலரைட் என்ற துத்தநாக சல்பைடையும், ஈயம் கலீனாவையும் செலீனைடையும், குரோமியம் களிமண்ணையும், ஜெர்மேனியம் கரிமப் பொருளையும் நாடுவது பொதுப்போக்கு. ஆனால் தால்சேர் போன்ற, கந்தகம் குறைந்த கோண்ட்வானாக் கரியில் பைரைட்டே அரிது என்பதால், பொதுப்போக்கை அப்படியே எழுதிவிடாமல் சோதித்துப் பார்க்க வேண்டும்.

மாணவர்கள் முதலில் எடுத்துக்கொள்வது ஒட்டுறவுக் கெழு. சாம்பல் கூடும்போது குரோமியமும் கூடுகிறது, எனவே குரோமியம் கனிமத்தில் இருக்கிறது என்பார்கள். ஆனால் சதவீதங்களின் கூட்டுத்தொகை எப்போதும் 100 என்பதால் ஒன்று ஏறினால் மற்றொன்று இறங்கியே தீரும். அதில் ஒரு பகுதி உறவு வெறும் கணக்கின் விளைவு. கலப்புக் கரியில் இது இன்னும் மோசம்: சாம்பல் மிகுந்த தால்சேர் மாதிரிகளும் சாம்பல் குறைந்த இந்தோனேசிய மாதிரிகளும் வரைபடத்தின் இரண்டு மூலைகளில் திரண்டு நின்று, நடுவில் ஒரு நேர்க்கோட்டைப் பொய்யாக உருவாக்கிவிடும். ஒட்டுறவைக் குறிப்பாக மட்டும் எடுத்துக்கொண்டு, படிப்படியாகக் கரைத்தெடுக்கும் முறைக்குச் செல்லுங்கள்.

அம்முறையில் அம்மோனியம் அசிட்டேட் கரைசல், அயனிப் பரிமாற்றத்தில் ஒட்டியிருப்பதை விடுவிக்கிறது. அடுத்து ஹைட்ரோகுளோரிக் அமிலம், கார்பனேட்டுகளையும் கலீனா, ஸ்பேலரைட் போன்ற சல்பைடுகளையும் கரைக்கிறது. ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் சிலிக்கேட்டுகளையும், இறுதியாக நைட்ரிக் அமிலம் பைரைட்டையும் கரைக்கின்றன. எல்லாவற்றுக்கும் பிறகு மிஞ்சுவதைக் கரிமப் பிணைப்பு என்று எழுதுவது வழக்கம். இதில் ஒரு பொறி இருக்கிறது. கரிக்குள் முழுவதுமாகப் புதைந்த ஓரிரு மைக்ரான் கனிம மணியை அமிலம் எட்டாது. அதுவும் கரிமக் கணக்கிலேயே சேர்ந்துவிடும். மிச்சத்தை மீண்டும் எஸ்.இ.எம்.-ல் வைத்து வெள்ளைப் புள்ளிகள் தென்படுகின்றனவா என்று பார்த்த பிறகே அந்தச் சொல்லை எழுதுங்கள்.

அடர்த்தி மிகுந்த திரவத்தில் மிதப்பதையும் மூழ்குவதையும் பிரித்து அளக்கும் பழைய முறையும் நல்லதே. துத்தநாகக் குளோரைடு கரைசலைப் பயன்படுத்தினால் அந்தப் பங்குகளில் துத்தநாகத்தின் அளவை மறந்துவிட வேண்டியதுதான்.

படி 7: கொதிகலனிலிருந்து சாம்பல் வரை

ஒரு கணக்கை எடுத்துக்காட்டாகப் போடுவோம். 40 சதவீதச் சாம்பலும் 4 பி.பி.எம். ஆர்செனிக்கும் உள்ள கரியை ஒரு நிலையம் ஒரு நாளில் 10,000 டன் எரிக்கிறது என்று வையுங்கள். அன்று கொதிகலனுக்குள் செல்லும் ஆர்செனிக் 40 கிலோ. வெளிவரும் சாம்பல் 4,000 டன். எதுவும் ஆவியாகித் தப்பாவிட்டால் சாம்பலில் சராசரியாக 10 பி.பி.எம். இருக்க வேண்டும். உண்மையில் அது சீராகப் பரவுவதில்லை. ஆர்செனிக், ஈயம், காட்மியம் போன்றவை சுடரில் ஆவியாகி, புகை குளிரும்போது மிக நுண்ணிய துகள்களின் மேற்பரப்பில் படிகின்றன. ஆகவே அடிச்சாம்பலில் அவை குறைவு. புகையிலிருந்து சாம்பலை மின்புலத்தால் பிடிக்கும் மின்நிலைத் துகள்பிடிப்பானில் வரிசையாக உள்ள பகுதிகளான புலங்களில், முதல் புலத்தில் விழும் பருமனான சாம்பலில் சற்றுக் கூடுதல். கடைசிப் புலத்தின் மாவு போன்ற சாம்பலில் பல மடங்கு. தோரியமும் அருமண் தனிமங்களும் எங்கும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். பாதரசத்தின் பெரும்பங்கு வாயுவாகவே புகைபோக்கியை நோக்கிச் செல்கிறது. 2015 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்ட விதிகள் அதற்கு ஒரு கன மீட்டருக்கு 0.03 மில்லிகிராம் என்று வரம்பு வைத்தன.

எனவே 'பறக்கும் சாம்பல் மாதிரி' என்று பொதுவாக எழுதாமல், எந்தப் புலத்தின் அடியில் சாம்பல் சேரும் கூம்பிலிருந்து எடுத்தது என்று எழுதுங்கள். ஃப்ளை ஆஷ் கல் தயாரிக்கும் இடத்துக்குப் போகும் லாரியிலிருந்து அள்ளிய சாம்பல் எல்லாப் புலங்களும் கலந்தது.

கனிமங்களும் இங்கே உருமாறுகின்றன. கயோலினைட் கண்ணாடியாகவும், முல்லைட் என்ற அலுமினிய சிலிக்கேட்டாகவும் மாறுகிறது. பைரைட்டும் சிடரைட்டும் காந்த இரும்பு ஆக்சைடு உருண்டைகளாகின்றன. குவார்ட்ஸ் பெரும்பாலும் தப்பித்துவிடுகிறது. எக்ஸ்-ஆர்.டி.-யில் முல்லைட்டின் வலுவான முகடு குவார்ட்ஸின் முகட்டுக்கு மிக அருகில் விழுவதால், 16.4 டிகிரிக் கோணத்தில் தோன்றும் முகட்டைப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

படி 8: ஆறும் கழிமுகமும்

வடசென்னையில் இந்த ஆய்வு மிகவும் சிக்கலாவது கொசஸ்தலை ஆற்றங்கரையில்தான். சாம்பல் கூழ் குழாய்கள் செல்லும் பாதையும், செப்பாக்கம் பக்கத்துச் சாம்பல் குட்டைகளும், பக்கிங்ஹாம் கால்வாயும், எண்ணூர் முகத்துவாரமும் சில கிலோமீட்டர்களுக்குள் அடங்கிவிடுகின்றன. சாம்பல் குட்டையின் மேல் ஒருபோதும் நடக்காதீர்கள். வெயிலில் காய்ந்த மேலோடு கெட்டித் தரைபோல் தெரியும், அடியில் குழைந்த சேறு ஆளை இழுத்துக்கொள்ளும். ஆற்றின் எந்தப் பகுதி முன்பு ஆழமாக இருந்தது, எங்கே இப்போது படகு தரைதட்டுகிறது என்பதைக் காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் மீனவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு, அந்த இடங்களில் மாதிரி எடுப்பது வரைபடத்தில் கட்டம் போட்டு எடுப்பதைவிடப் பயன் தரும். கடல் வற்றத்தில் எடுத்ததா, ஏற்றத்தில் எடுத்ததா என்று எழுதுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் தனித்தனியாக எடுங்கள்.

உப்புநீர் இந்த ஆய்வில் பல சோதனைகளை ஏமாற்றுகிறது. சாம்பல் நீரைக் கண்டறியப் பிற இடங்களில் போரானைத் தடயமாக வைப்பார்கள். ஆனால் கடல்நீரிலேயே லிட்டருக்கு ஏறத்தாழ 4.5 மில்லிகிராம் போரான் இருப்பதால் எண்ணூர்க் கழிமுகத்தில் அந்தத் தடயம் எடுபடாது. ஐ.சி.பி.-எம்.எஸ். கருவியில் ஆர்கானும் குளோரினும் சேர்ந்த அயனி, ஆர்செனிக்கின் 75 என்ற நிறையிலேயே வந்து நிற்பதால், அந்தப் போலி அயனியை வடிகட்டும் மோதல் வாயு அறை இல்லாமல் அளந்த கழிமுக நீரின் ஆர்செனிக் எண்ணில் பாதி உப்பாகவே இருக்கலாம். சாம்பலின் கசிவுத் திறனைச் சோதிக்கும்போது காய்ச்சிவடித்த நீரோடு ஆற்றின் உப்புநீரையும் பயன்படுத்துங்கள். குளோரைடு காட்மியத்தோடு கூட்டுச் சேர்ந்து அதைக் கரைசலில் பிடித்துவைக்கும்.

சேற்றிலும் இதே கதைதான். அலையாத்திச் சேற்றில் பைரைட் கண்டால் கரி விழுந்தது என்று முடிவுகட்டாதீர்கள். கடல்நீரின் சல்பேட்டும் அழுகும் இலையும் சேர்ந்து அந்தச் சேறே நுண்மணிக் கொத்துகளாகப் பைரைட்டை உருவாக்கிக்கொள்கிறது. வனேடியமும் நிக்கலும் கூடியிருந்தால் அது எண்ணெயாகவும் இருக்கலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு இந்த ஆற்றில் எண்ணெய் பரவியதை யாரும் மறக்கவில்லை. கடற்கரைக் கருமணலில் இயற்கையாகவே காந்தக் கனிமமும் சிர்கானும் உண்டு. உலோகத்தை அலுமினியத்தால் வகுத்து, கூடுதல் மாசு எவ்வளவு என்று காட்டும் பாடநூல் முறையும் இங்கே தவறும், ஏனென்றால் இந்தியச் சாம்பலிலேயே அலுமினா மிகுதி; மாசு கூடும்போது வகுப்பியும் கூடிவிடும்.

நம்பத்தக்க தடயம் துகளின் உருவமே. சேற்றை ஈரத்தோடு சல்லடையிட்டு, காய்ந்த பங்கில் ஒரு கைக்காந்தத்தைத் தாளில் சுற்றி மெல்ல நகர்த்துங்கள். ஒட்டியதை இருவிழி நுண்ணோக்கியில் பார்த்தால், கருமணலின் மேக்னடைட் மூலைகள் உடைந்த, மங்கிய மணிகளாகத் தெரியும்; கொதிகலனில் பிறந்தவை மெருகிட்ட கரிய குண்டுகளாக, சில சமயம் ஒன்றோடொன்று ஒட்டிய இரட்டைக் குண்டுகளாக மின்னும். உள்ளீடற்ற கண்ணாடி உருண்டைகள் நீரில் மிதந்து கரையோர நுரையோடு ஒதுங்கும். ஒரு பாட்டிலில் நுரையை எடுத்துவந்தாலே அவற்றைக் காணலாம். நூறு துகளில் எத்தனை உருண்டை என்று எண்ணி எழுதும் இந்த எளிய அளவீடு, பல லட்சம் ரூபாய்க் கருவியின் எண்ணுக்கு இங்கே பொருள் கொடுக்கிறது.

ஆழ மாதிரி எடுத்தால், 450 மெகாவாட் திறனுடைய பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-ல் இயங்கத் தொடங்கி 2017-ல் மூடப்பட்டது என்பதை நினைவில் வையுங்கள். உருண்டைகள் முதன்முதலில் தோன்றும் அடுக்குக்கு அது ஒரு காலக்குறி. கதிரியக்க ஈயமான ஈயம்-210 முறையில் அடுக்கின் காலம் கணிக்க முனைவோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: பறக்கும் சாம்பலிலேயே ஈயம்-210 செறிந்திருப்பதால் அடுக்கின் வயது இளமையாகத் தோன்றக்கூடும். அணுகுண்டுச் சோதனைகள் விட்டுச் சென்ற, 1963-ஐ ஒட்டிய சீசியம்-137 உச்சத்தோடு ஒப்பிடாமல் அந்த வயதை எழுதக் கூடாது. தூர்வாரிய இடத்தில் இரண்டுமே பயன்படாது.

படி 9: முடிவுகளை எழுதுதல்

ஒவ்வொரு எண்ணுக்கும் அடிப்படையைக் குறிப்பிடுங்கள்: கரியின் எடையிலா, சாம்பலின் எடையிலா, உலர் நிலையிலா, காற்றில் உலர்ந்த நிலையிலா? சாம்பல் அடிப்படையில் எழுதிய எண்ணைக் கரிச் சராசரியோடு ஒப்பிட்டு 'இரண்டரை மடங்கு அபாயம்' என்று அறிவித்த கட்டுரைகளைப் பார்த்திருக்கிறேன்; 40 சதவீதச் சாம்பல் உள்ள கரியில் அந்த இரண்டரை மடங்கு வெறும் வகுத்தல்தான். உலகக் கரிகளின் சராசரியில் ஆர்செனிக் 8 முதல் 9 பி.பி.எம்., பாதரசம் 0.1 பி.பி.எம்., காட்மியம் 0.2 பி.பி.எம். அளவில் இருக்கின்றன. சராசரிக்குக் கீழே இருப்பதால் கவலையில்லை என்றும் எழுத முடியாது, ஏனென்றால் எரிக்கும் டன் கணக்கு அந்த எண்ணில் இல்லை. நீரின் எண்களை ஐ.எஸ். 10500 குடிநீர்த் தரத்தோடு, அதாவது ஆர்செனிக்குக்கு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் என்ற வரம்போடு, கிணற்று நீருக்கு மட்டுமே ஒப்பிடுங்கள். உவர்ப்பான ஆற்று நீருக்கு அந்த ஒப்பீடு பொருந்தாது.

அரைத்த மாதிரியில் ஒரு பங்கை முத்திரையிட்டுத் துறையிலேயே விட்டுவையுங்கள். புட்டியின் மேல் கப்பல் அல்லது சரக்கு எண், எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, நாள், ஏற்றவற்ற நேரம் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை சென்னை ஈரத்தில் ஊறிவிடும்.